காசல்ரீ கரையா, பைனஸ் காடா? மட்டக்குதிரைகளோடு இரண்டு இரவு கூடாரம் போட என்ன வேணும்?

மேட்டுலயம்:

வணக்கம். பெப்ரவரி நடுவில் மூன்று பேரும் இரண்டு மட்டக்குதிரையும் இரண்டு இரவு வெளியில் தங்குவதாகத் திட்டம். குதிரை இரண்டும் நுவரெலியாவில் வளர்ந்தவை. ஒன்று 280 கிலோ, மற்றது 310 கிலோ. முன்னங்கால்களுக்கு மட்டும் லாடம் அடித்திருக்கிறது. வாகனம், சனக்கூட்டம், பட்டாசு எதற்கும் மிரளாது. ஆனால் லாயத்துக்கு வெளியே இரவில் நின்று பழக்கமில்லை.

இடம் இன்னும் முடிவாகவில்லை. ஒன்று, காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் தோட்டத்துக்குச் சொந்தமான புல்வெளி. மற்றது, நுவரெலியாவுக்குக் கிட்ட ஒரு பைனஸ் காடு, பக்கத்தில் சின்ன ஓடை. இந்த இரண்டில் குதிரைக்கு எது நல்லது? இரவில் எப்படிக் கட்டுவது? தீனி எவ்வளவு ஏற்ற வேண்டும்? அணைத் தண்ணீரைக் குடிக்க விடலாமா? சிறுத்தை பற்றியும் வீட்டில் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்க.

---

கரைவழி:

அனுமதியிலிருந்து தொடங்குவோம். ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்கா ஆனது. அங்கேயும், கல்வேஸ்லன்ட் பூங்காவிலும், ஹக்கல இயற்கை ஒதுக்கிலும் குதிரையைக் கூட்டிப்போகும் பேச்சே கிடையாது. வளர்ப்பு மிருகத்துக்கு இடமில்லை. பைனஸ் காடு பெரும்பாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில்தான் இருக்கும். அந்தப் பகுதி வன அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி எடுங்க, குதிரை எத்தனை என்பதையும் அதில் போடச் சொல்லுங்க. காசல்ரீயில் நீர்த்தேக்கம் மின்சார சபையுடையது, மேலே இருக்கும் புல்வெளி தோட்டத்துடையது. தோட்டத்துத் துரையிடம் (மேலாளரிடம்) கடிதம் வாங்கினால் மட்டும் போதாது. இரவு வாச்சருக்கும், கிட்ட உள்ள லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) ஆட்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்க. இருட்டில் குதிரை கனைத்தால் டோர்ச் எடுத்துக்கொண்டு ஓடி வரப்போவது அவர்கள்தான்.

இரண்டு இடத்தில் என் தேர்வு காசல்ரீ. சுமார் 1,100 மீற்றர் உயரம், நுவரெலியாவின் 1,868 மீற்றரோடு பார்த்தால் இரவுக் குளிர் நன்றாகவே குறைவு. பைனஸுக்கு அடியில் ஊசி இலை மெத்தைதான் இருக்கும், புல் முளைக்காது. அந்த இலை காய்ந்திருந்தால் சரிவில் குளம்பு வழுக்கும், பெப்ரவரி, மார்ச்சில் ஒரு நெருப்புப் பொறி போதும்.

ஆனால் காசல்ரீயில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: வண்டல் சேறு. வரட்சி மாதங்களில் நீர்மட்டம் இறங்கும்போது அகலமாக ஒரு படுகை வெளியே தெரியும். மேலே வெடித்துக் காய்ந்து திடமாகத் தெரியும், ஆள் நடந்தாலும் தாங்கும். குதிரை 300 கிலோவையும் நாலு சின்னக் குளம்பில் இறக்குகிறது. மேலோடு உடைந்தால் கீழே இருக்கும் களி முழங்கால் வரை இழுக்கும். பழைய புல்லும் புதரும் நிற்கும் கோடுதான் அணை நிரம்பும் மட்டம். அந்தக் கோட்டுக்குக் கீழே குதிரையை இறக்கவே வேண்டாம். சந்தேகமான இடத்தில் ஒரு மீற்றர் இரும்புக் கம்பியை உடம்புப் பாரத்தோடு குத்திப் பாருங்க. ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அது குதிரை மிதிக்கும் தரை இல்லை.

அப்படியும் புதைந்துவிட்டால் தலைக்கயிற்றையோ வாலையோ பிடித்து இழுக்காதீங்க, கழுத்து எலும்பு போகும். காலைச் சுற்றிக் கையால் தோண்டித் தண்ணீர் ஊற்றினால் சேற்றின் பிடி விடும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அகலமான பட்டை போட்டு, பலகை பரப்பி, ஆட்கள் சேர்ந்து பக்கவாட்டில் இழுக்கணும். நடுவில் குதிரைக்கு மூச்சு வாங்க நேரம் கொடுங்க.

---

கொளுக்கி:

கட்டும் விசயத்தை நான் சொல்கிறேன். நல்ல மரம் இரண்டு கிடைத்தால் தலைக்கு மேல் இழுத்த கயிறுதான் பாதுகாப்பு. மரத்தடியிலேயே நேரே கட்டினால் இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைச் சுருக்கிக்கொள்ளும், பட்டையைக் கடிக்கும், வேரை மிதித்தே மரத்தைச் சாகடிக்கும்.

அளவு இதுதான். 12 மில்லிமீற்றர் தடிப்பில், அதிகம் இழுபடாத கயிறு 20 மீற்றர். தும்புக்கயிறு வேண்டாம். நனைந்தால் முடிச்சு இறுகிக் கல்லாகிவிடும், அவசரத்துக்கு அவிழ்க்க ஏலாது. சாதாரண நைலோன் கயிறும் இரவுப் பனியில் தளரும்; காலையில் பார்த்தால் நடுவில் ஒரு முழம் தொங்கியிருக்கும். மரத்துக்குக் கயிற்றை நேரே சுற்றாமல் 5 சென்ரிமீற்றர் அகலப் பட்டி போட்டு அதில் கயிற்றைக் கோருங்க. லொறியில் சாமான் இறுக்கும் பட்டியே போதும். மரம் குறைந்தது 30 சென்ரிமீற்றர் விட்டம் இருக்கணும்.

உங்களுக்கு இரண்டு குதிரை. மரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளி முதல் முடிச்சு, அங்கிருந்து 3 மீற்றரில் இரண்டாவது, பிறகு அடுத்த மரத்துக்கு 2 மீற்றர். ஆக 7 மீற்றர் இடைவெளியில் இரண்டு மரம் தேடுங்க. இரண்டும் ஒன்றையொன்று உதைக்கும் ஜோடி என்றால் நடு இடைவெளியை 4 மீற்றராக்குங்க. கயிற்றை இறுக்கிய பிறகு உயரம் 2.2 மீற்றருக்குக் குறையக் கூடாது. லொறிக்காரர்கள் பாரம் இறுக்கும் முடிச்சைப் போட்டு இருவர் தொங்கி இழுத்தாலும், குதிரை நின்று இழுக்க அரை அடி தாழும். அதையும் கணக்கில் வைத்து மேலே கட்டுங்க.

முடிச்சு போடும் இடத்தில் நகராத வளையம் ஒன்று, அதில் சுழலும் கொளுக்கி. சுழலாத கொளுக்கி போட்டால் குதிரை திரும்பத் திரும்பக் கயிறு முறுக்கேறும்.

தலைக்கயிற்றின் நீளத்தில்தான் பெரும்பாலும் பிழை நடக்கும். குதிரை தலையைக் கீழே விட்டால் மூக்கு தரையைத் தொடணும், அவ்வளவுதான். அப்போதுதான் புல் எடுக்கவும், முழங்கால் மடக்கிப் படுக்கவும் முடியும். அதற்கு மேல் ஒரு சாண் நீண்டாலும் முன்னங்கால் அதற்குள் போகும். கட்டி முடித்ததும் கையால் அதன் தலையை நீங்களே இறக்கிப் பாருங்க, கயிறு எங்கே தொங்குகிறது என்று கண்ணால் பாருங்க. முடிச்சு எப்போதும் நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு. கயிற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தியும் தொங்கட்டும்.

மரத்தைத் தெரிவு செய்யும்போது அண்ணாந்து பாருங்க. டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்தில் காய்ந்த கொப்பு காற்றே இல்லாத நேரத்திலும் விழும். தேயிலை நடுவில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) மரம் வேண்டாம். இடம் போதாது, கானும் (தேயிலைக்குள் வெட்டிய வடிகால்) இருக்கும்.

புறப்படுவதற்கு முன்னால் லாயத்துக்கு வெளியே இதே மாதிரி ஓர் இரவு கட்டிப் பாருங்க. இரவில் வெளியே நின்று பழகாத குதிரை முதல் இரண்டு மணி நேரம் மண்ணைப் பறிக்கும், கூப்பிடும். அந்தப் பழக்கத்தை வீட்டுப் பக்கத்தில் முடித்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்துங்க, தனியாகப் பிரிக்காதீங்க.

---

கந்தப்பளைத் தோட்டம்:

தீனிக் கணக்கு. மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடையில் 2 சதவீதம் உலர்தீனி தேவை. 300 கிலோவுக்கு 6 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், மீதி தண்ணீர். அதனால் ஒரு குதிரைக்கு நாளுக்கு 30 கிலோ பச்சைப் புல். இரண்டுக்கும் 60 கிலோ. இரண்டு இரவுக்குப் போகும் நாளையும் திரும்பும் நாளையும் சேர்த்தால் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் கிக்கியு புல் நன்றாக இருந்து, கையில் பிடித்து நாலு மணி நேரம் மேய்க்க ஆள் இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். பைனஸ் காட்டில் ஒரு கிலோவும் குறைக்க முடியாது.

வெட்டிய புல்லை உரப் பையில் அடைத்து வைக்கக் கூடாது. ஒரே இரவில் உள்ளே சூடேறிப் புளித்துவிடும்; கையை விட்டுப் பார்த்தால் வெந்நீர்ச் சூடு தெரியும். அந்தப் புல்தான் வயிற்று வலிக்கு வழி. படங்கை விரித்து அதன்மேல் ஒரு முழ உயரத்துக்கு மிகாமல் பரப்பி, மேலே நிழல் மட்டும் கொடுங்கள். இரண்டாம் நாளுக்கு வேண்டியதை அன்றே புதிதாக வெட்டக் கிடைக்குமா என்று லயத்தில் மாடு வளர்ப்பவர்களிடம் கேட்டு வையுங்கள். காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள் முழுக்க வீட்டில் தின்ற அதே புல்லைக் கொடுங்கள். இரண்டாம் நாள் பாதிக்குப் பாதி. புல் மாறினால் குடலில் இருக்கும் கிருமிக் கூட்டம் மாற நாள் எடுக்கும், அதற்குள் வயிறு கலங்கும். தேயிலை ஓரத்துப் புல்லை அடியோடு தவிர்த்துவிடுங்கள். களைநாசினி எப்போது அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கொள்ளு கொடுத்துப் பழக்கம் என்றால் அதே அளவு, அதே நேரம், ஊறவைத்து. "மலை ஏறுகிறதே" என்று இரட்டிப்பாக்க வேண்டாம். கல்லுப்பைத் தூளாக்கி ஒன்றரை மேசைக்கரண்டி, அதாவது சுமார் 30 கிராம், தீனியில் கலந்துவிடுங்கள். தண்ணீர் குடிக்க அதுவே தூண்டும்.

இனி மரக்கறி. நம்ம பக்கம் எங்கே நின்றாலும் யாராவது அன்போடு ஒரு கட்டு லீக்ஸ் இலையையோ கோவா (முட்டைக்கோஸ்) இலையையோ கொண்டுவந்து நீட்டுவார்கள். லீக்ஸ், வெங்காயம், பூண்டு மூன்றும் குதிரையின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். கோவா வயிற்றில் வாயுவை நிரப்பும், குதிரைக்கு ஏப்பம் விட முடியாது, வாந்தியும் எடுக்க முடியாது. உருளைக்கிழங்குச் செடி, பச்சையேறிய கிழங்கு இரண்டும் நஞ்சு. கரட் மட்டும் கொடுக்கலாம். வட்டமாக வெட்டாமல் நீட்டு நீட்டாகக் கீறிக் கொடுங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். கரைக்கு வரும் சனத்துக்குத் தெரியட்டும் என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடுவது நல்லது.

செடிகளில் கவனிக்க வேண்டியவை: வேலியோரத்து அரளி, பங்களாத் தோட்டங்களில் மணி மணியாகத் தொங்கும் ஊமத்தை வகை, காட்டோரத்து உண்ணிச்செடி, மேட்டு நிலத்துப் பன்னம் (பெரணி), மலை உச்சியில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ரன். அரளி சில இலையே போதும், இதயம் நின்றுவிடும். பசித்த குதிரைதான் கண்டதைக் கடிக்கும். முன்னால் புல் இருந்தால் பெரும்பாலும் இவற்றைத் தொடாது.

தண்ணீர் ஒரு குதிரைக்கு நாளுக்கு 20 முதல் 30 லீற்றர். லயத்துக்கு மேலே, மலையிலிருந்து நேரே வரும் பீலித் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அணையிலும் ஓடையிலும் நேரே வாய் வைக்க விட வேண்டாம், வாளியில் மொண்டு மேலே கொண்டுவந்து கொடுங்கள். கரை சேறாகாது, குதிரையும் படுகையில் இறங்காது. புது ஊர்த் தண்ணீரை முகர்ந்துவிட்டு ஒதுக்கும் குதிரைகள் உண்டு. போவதற்கு இரண்டு நாள் முன்பே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் மொலாசஸ் கலந்து பழக்கினால், அங்கேயும் அதே வாசனையில் குடிக்கும்.

---

மேட்டுலயம்:

பெரிய உதவி. காசல்ரீதான் என்று முடிவெடுத்துவிட்டோம். அந்தப் புல்வெளிக்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே காடு. அட்டை, குளவி, காட்டு மிருகம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மின்வேலி கொண்டுபோனால் கட்டாமலே விடலாமா என்றும் ஒருவர் கேட்டார்.

---

ஊவாக்காற்று:

தம்பி, சிறுத்தையைவிடக் குளவிக்குத்தான் நான் பயப்படுவேன். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டிய செய்தி வராத மாதம் குறைவு. குதிரைக்கு அதைவிட மோசம். கட்டிப்போட்ட மிருகத்துக்கு ஓட வழியில்லை. குதிரை மூக்கால் மட்டும்தான் மூச்சு விடும், வாயால் விட முடியாது. மூக்குத் துவாரம் வீங்கி அடைத்தால் மூச்சே போகும்.

அதனால் சாமான் இறக்கும் முன்னால் சுற்றி 100 மீற்றருக்கு உயர்ந்த மரக் கொப்புகளையும் பாறை முகப்பையும் கண்ணால் தடவிப் பாருங்க. கறுப்பாக அரை வட்டமாகத் தொங்குவது கூடு. லயத்தில் கேட்டால் எந்த மலையில், எந்த மரத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள். கூட்டுக்குக் காற்று போகும் திசையில் அடுப்பு மூட்டாதீங்க, புகை பட்டால் கலையும். ட்ரோன் பறக்கவிடாதீங்க. கலைந்துவிட்டால் முடிச்சை இழுத்து விட்டுவிட்டு நீங்களும் ஓடுங்க, குதிரையைப் பிறகு தேடிக்கொள்ளலாம். கொளுக்கி அண்ணன் சொன்ன அந்த அவிழும் முடிச்சும் கத்தியும் இதற்காகத்தான்.

அடுத்தது சுருக்குக் கம்பி. காட்டுப்பன்றிக்காக, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிகளில் கட்டுவார்கள். மோட்டார் சைக்கிள் கேபிளே பெரும்பாலும். சிறுத்தைகள் அதில் மாட்டிச் சாவதைப் பேப்பரில் பார்த்திருப்பீங்க. புல்லுக்குள் ஒரு சாண் உயரத்தில் மங்கிப்போய் இருக்கும். பன்றி போகும் ஒற்றைத் தடம், இரண்டு பக்கமும் குச்சி அடித்து ஒடுக்கியது போல் தெரிந்தால் சந்தேகப்படுங்க. குதிரையின் கணுக்காலில் இறுகினால் அது இழுக்க இழுக்கத் தோலைத் தாண்டி நரம்பு வரை வெட்டும். மேய்க்கப் போகும் இடத்தைப் பகலில் ஒருவர் குச்சியோடு முன்னால் நடந்து பார்த்துவிட்டு வரட்டும். கம்பி வெட்டும் குறடு ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கட்டும். கம்பியைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தெரிவியுங்க.

கானும் அதே மாதிரி. பழைய மலையில் கான் மேல் பன்னமும் புல்லும் மூடி இருக்கும், குதிரை கால் வைத்தால் உள்ளே போகும். தேயிலைக்குள் குறுக்கே போகாதீங்க, வண்டிப் பாதையில் மட்டும் நடத்துங்க.

சிறுத்தை வளர்ந்த குதிரையைத் தேடி வருவது அபூர்வம். அது தேடுவது நாயை. அதனால் நாயைக் கூட்டிப்போகாதீங்க. குட்டிக் குதிரையும் வேண்டாம். இறைச்சி, எலும்பு மிச்சத்தைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீங்க. குதிரை திடீரென்று காதை ஒரே திசையில் நீட்டி மூக்கால் ஊதினால், டோர்ச்சை அந்தப் பக்கம் அடித்துச் சத்தமாகக் கதையுங்க. பத்தில் ஒன்பது தடவை அது பன்றியோ மரையோதான் (மரை என்றால் பெரிய மான்).

அட்டை பெப்ரவரியில் குறைவுதான், ஒரு மழை பெய்தால் போதும், எழும்பிவிடும். குளம்புக்கு மேலே மயிர் உள்ள இடத்திலும், கால் இடுக்கிலும், மூக்கோரத்திலும் ஏறும். சவர்க்காரத்தைக் கெட்டியாகக் கரைத்துக் கணுக்காலைச் சுற்றித் தடவினால் ஒரு நடைக்குத் தாங்கும். ஒட்டியிருப்பதை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்க. கடித்த இடம் நீண்ட நேரம் கசியும், அது வழக்கம்தான். மண்ணெண்ணெய் பூசாதீங்க, தோல் வெந்துவிடும். கண், மூக்குப் பக்கம் உப்பும் போடாதீங்க. தேங்கிய குழியில் குடிக்க விட்டால் மூக்குக்குள் ஏறும் நீர் அட்டை இருக்கிறது. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் அதுவாக இருக்கலாம், நீங்களாகக் கிளறாமல் வைத்தியரிடம் காட்டுங்க. உண்ணி பார்ப்பது மாலை வேலை: பிடரி மயிருக்கு அடியில், காதுக்குள், வாலுக்கு அடியில், தொடை இடுக்கில்.

---

நீளவேலி:

மின்வேலி பற்றி: கொண்டுபோகலாம், ஆனால் பகலில் மேய்க்க மட்டும். 12 வோல்ட் பற்றரியில் ஓடும் சின்னக் கருவி, அகல நாடா இரண்டு வரிசை, 60 சென்ரிமீற்றரிலும் 110 சென்ரிமீற்றரிலும். நிலக் கம்பியை ஈர மண்ணில் முக்கால் மீற்றராவது அடிக்கணும். கிக்கியு உயரமாக வளர்ந்து நாடாவைத் தொட்டால், அதுவும் பனியில் நனைந்திருந்தால், மின்சாரம் முழுக்கப் புல் வழியே இறங்கிவிடும். முதலில் வரிசைக்கு அடியில் ஓர் அடி அகலத்துக்குப் புல்லை வெட்டுங்க. வேலி என்றால் என்ன என்று வீட்டில் மூக்கில் பட்டுத் தெரிந்துகொண்ட குதிரைக்குத்தான் இது வேலி. தெரியாத குதிரைக்கு அது வெறும் நாடா.

இரவில் மரையோ பன்றியோ குறுக்கே ஓடினால் நாடாவும் போகும், குதிரையும் போகும். கீழே சேற்றுப் படுகை, மேலே கான், பக்கத்தில் வீதி. அந்த இடத்துக்குத் தலைக்கு மேல் கயிறுதான். முன்னங்காலுக்குத் தளை போட்டு விடுவதும் அங்கே வேண்டாம். தளை போட்ட குதிரை துள்ளித் துள்ளியே ஒரு கிலோமீற்றர் போய்விடும்.

---

கொளுக்கி:

நீளவேலி சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மூட்டு நோவுள்ள வயதான குதிரை ஒரே இடத்தில் பத்து மணி நேரம் கட்டி நின்றால் காலையில் விறைத்துப்போகும். அதற்கு 6 மீற்றருக்கு 8 மீற்றர் வேலி, உள்ளே மட்டும் விட்டு, ஓர் ஆள் முறைவைத்து விழித்திருப்பது நல்லது. உங்கள் இரண்டும் எத்தனை வயது என்று பார்த்து முடிவெடுங்க. இளசு என்றால் கயிறே போதும், மாலையும் அதிகாலையும் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்துங்க.

---

பீலிக்கரை:

உடல்நலம் பக்கம். புறப்படுமுன் ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசியும், விசர்நாய் நோய்த் தடுப்பூசியும் நாள் தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்ட உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் இலக்கத்தைக் கையில் எழுதி வையுங்கள். பெரிய சிக்கல் என்றால் பேராதனைக் கால்நடை மருத்துவபீட வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் காசல்ரீயிலிருந்து அது மணிக்கணக்கான பயணம், அதனால் கடைசி நேரம் வரை காத்திருக்க முடியாது.

வீட்டில் அமைதியாக நிற்கும்போது நாடி, மூச்சு, சூடு மூன்றையும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடலாம். மூச்சு 8 முதல் 16. சூடு 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். தாடை எலும்பின் உள்பக்கம் விரலை வைத்தால் நாடி கிடைக்கும்.

வயிற்று வலி என்றால்: முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்து எழும்பும், உருளும், சாணி போடாது. தீனியை உடனே எடுத்துவிடுங்கள். உருளாமல் பார்த்து மெதுவாக நடத்துங்கள், களைப்பாக்க வேண்டாம். நாடி 60ஐத் தாண்டினாலோ, ஈறு செங்கல் நிறமாகவோ வெளிறியோ போனாலோ, அரை மணி நேரத்தில் அமைதியாகாவிட்டாலோ வைத்தியரை அழையுங்கள். வலி ஊசியை நீங்களே போடாதீர்கள். வலி மறையும், குடல் முறுக்கு இருந்தால் அது மறையாது, நேரம் மட்டும் வீணாகும்.

குளிரைவிட ஈரமும் காற்றும்தான் குதிரையைச் சோர வைக்கும். காய்ந்த உடம்போடு நின்றால் காசல்ரீக் குளிர் ஒன்றுமில்லை. படங்கை முதுகில் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து நனையும், காற்றில் படபடத்து மிரளவும் வைக்கும். மூச்சுவிடும் நீர்புகா போர்வை இருந்தால் மழைக்கு மட்டும் போடுங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு கட்டுப் புல் கூடப் போடுங்கள். நார்த்தீனி குடலில் புளிக்கும்போது வரும் சூடுதான் அதற்குக் கம்பளி.

குளம்பைக் காலையும் மாலையும் தோண்டிப் பாருங்கள். முன்னால் மட்டும் லாடம் என்றால் பின்னங்குளம்பில் கல் சிக்கும். நடுவிலுள்ள முக்கோண மெத்தை கறுத்து நாறினால் அழுகல் தொடங்கிவிட்டது. கழுவி, துடைத்து, போவிடோன் அயடின் தடவி, காய்ந்த தரையில் நிறுத்துங்கள்.

சுமை: குதிரை எடையில் ஐந்தில் ஒன்று, சேணத்தோடு சேர்த்து. 280 கிலோவுக்கு 56 கிலோ, 310 கிலோவுக்கு 62 கிலோ. வளர்ந்த ஆள் ஏறினாலே பெரும்பாலும் அது தாண்டிவிடும். ஆகவே நடந்து போங்கள், குதிரை சாமானை மட்டும் சுமக்கட்டும்.

---

கரைவழி:

லொறி பற்றிச் சொல்லாமல் விட்டேன். தரையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் மரத்தூள் அல்லது தும்புத்தூள் நாலு விரல் உயரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புக் கட்டை. வளைவுக்கு வளைவு கால் ஊன்றி நிற்கவே அதற்குச் சக்தி போகும், அதனால் கீழ்க் கியரில் மெதுவாக. நானுஓயாவிலிருந்து ரதெல்ல குறுக்கு வீதியில் இறங்காதீங்க, செங்குத்து அதிகம், பிரேக் சூடாகி விபத்து நடந்த இடம். லிந்துலை, தலவாக்கலை வழியே வாங்க. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் மார்கழிப் போயா (பௌர்ணமி) முதல் வெசாக் வரை. சனி, ஞாயிறு, போயா இரவுகளில் ஹட்டன், நோர்வூட் பக்கம் வாகனம் ஊர்ந்துதான் போகும். கிழமை நாளில் காலை ஆறுக்கு முன் புறப்பட்டால் வெயிலுக்கு முன்னால் இறக்கிவிடலாம்.

பெப்ரவரியிலும் பருவம் தப்பி மழை வரும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் சரிவில் தங்காதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைக் காலையும் மாலையும் பாருங்க, அவசரத்துக்கு 117. வெட்டிய மண்மேட்டுக்குக் கீழேயும், ஓடை வாய்க்குள்ளும் கூடாரம் வேண்டாம். தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினால் சாமானை விட்டுவிட்டுக் குதிரையோடு பக்கவாட்டில் விலகுங்க.

சாணி ஒரு குதிரைக்கு நாளுக்கு 12 முதல் 15 கிலோ. கயிற்றையும் கூடாரத்தையும் தண்ணீரிலிருந்து 60 மீற்றர் தள்ளிப் போடுங்க. காலை, மாலை இரண்டு வேளையும் அள்ளி உரப் பையில் கட்டுங்க, இரண்டு குதிரைக்கும் முழுப் பயணத்துக்கும் பத்துப் பை கொண்டுபோங்க. லயத்தில் மரக்கறிப் பாத்தி வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் புதுச் சாணியை நேரே செடிக்குப் போட வேண்டாம், மூன்று மாதம் மக்கவிடச் சொல்லுங்க. குளம்பு பறித்த குழிகளை மூடி, மிச்சப் புல்லைக் கூட்டி எடுத்து, பட்டியைக் கழற்றியதும் மரப்பட்டையில் காயம் இருக்கிறதா என்று பாருங்க. வாச்சரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டிவிட்டுப் புறப்பட்டால் அடுத்த தடவை துரை கடிதம் தரத் தயங்கமாட்டார்.